கெப் வாகனத்துக்கு எண்ணெய் அடிக்கும்போது எழும் சத்தங்களும் கோளாறுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கெப் (பின்பெட்டியுள்ள பிக்கப்) வைத்திருக்கும் இரண்டு பேர் பெற்றோல் செட்டில் சந்தித்தால், சுகம் விசாரித்து முடிவதற்குள் பேச்சு வாகனத்தின் சத்தத்துக்குப் போய்விடும். மூடியைத் திறந்தால் காற்றுச் சீறுகிறது என்பார் ஒருவர். பம்ப் இரண்டு லீற்றருக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது என்பார் மற்றவர். இந்த செட்டில் அடித்த நாள்முதல் எஞ்சின் தட்டுகிறது என்று மூன்றாமவர் சேர்ந்துகொள்வார். வாழைச்சேனையில் மீன் ஏற்றுபவரும், சம்மாந்துறையில் நெல் மூடை ஏற்றுபவரும், பொத்துவில் வரை கட்டடப் பொருள் கொண்டுபோகிறவரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே கீழே உள்ளன. நான் பதினைந்து ஆண்டுகளாக டீசல் டபுள் கெப் ஒன்றை மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் ஓட்டி வருகிறேன். பதில்களில் என் வாகனம் கற்றுத் தந்தவையும் இருக்கின்றன, நல்ல மெக்கானிக்மார் பொறுமையாக விளக்கித் தந்தவையும் இருக்கின்றன.

மூடியைத் திறந்தவுடன் "புஸ்" என்று சத்தம் வருகிறது. இது ஆபத்தா?

சிறிதாக ஒரு தடவை சீறி அடங்கினால் ஆபத்து இல்லை. எண்ணெய்த் தாங்கிக்குள் எண்ணெய் மட்டும் இல்லை, அதற்கு மேலே காற்றும் ஆவியும் இருக்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நின்ற வாகனத்தின் தாங்கி சூடேறும்போது அந்தக் காற்று விரிகிறது. பெற்றோல் எளிதில் ஆவியாவதால் பெற்றோல் வாகனத்தில் இந்தச் சீறல் பலமாகவே கேட்கும். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை என்றாலும், கொமன் ரெயில் எஞ்சின்களில் (உயரழுத்த டீசலை ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் கொடுக்கும் புதிய வகை) பயன்படாத டீசல் சூடேறிய நிலையில் தாங்கிக்கே திரும்பி வருவதால், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு அதிலும் சிறிதளவு அழுத்தம் சேரும்.

கவனிக்க வேண்டியது, காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது. வெளியே வந்தால் எண்ணெய் மணம் உடனே மூக்கில் ஏறும். உள்ளே போனால் மணம் பிந்தித்தான் வரும், சத்தமும் மூச்சை உள்ளே இழுப்பதுபோல நீளும். ஐயம் இருந்தால் ஒரு மெல்லிய கடதாசித் துண்டை மூடியின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகிப் பாருங்கள். முகத்தை அருகே கொண்டுபோக வேண்டாம். காற்று பலமாக உள்ளே இழுபடுகிறது என்றால், அடுத்த கேள்வி உங்களுக்கானது.

ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவை குறைந்து எஞ்சின் நின்றுவிடுகிறது; சிறிது நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிறது. இதற்கும் மூடிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் ஏ5 வீதியில், கரடியனாறு தாண்டிப் புல்லுமலையை நெருங்கும்போது என் கெப் முதன்முறையாக நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இழுவை இல்லை. தும்மியது, குலுங்கியது, அடங்கியது. இருபது நிமிடம் மர நிழலில் நின்றுவிட்டுச் சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. ஊர் திரும்பி ஒரு கராஜில் காட்டியபோது முதலில் டீசல் பில்டரை மாற்றினார்கள், பிறகு வாகனத்தின் டீசல் பம்பைக் கழற்றிப் பழுது பார்த்தார்கள், கடைசியில் எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் நான்கையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் பணம் போனது, ஆனால் குறை போகவில்லை. கடைசியாக, உழவு இயந்திரம் திருத்தும் வயதான ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நின்ற உடனே டாங்கி மூடியைத் திறந்து பார்த்தீர்களா?"

அடுத்த முறை வாகனம் நின்றபோது திறந்தேன். நீளமாக, ஆழமாக, தாங்கி மூச்சை இழுத்தது. உடனே எஞ்சின் ஓடியது. பழைய மூடி தொலைந்தபோது உதிரிப்பாகக் கடையில் மலிவாக வாங்கிய மூடியில் காற்று உள்ளே வருவதற்கான வால்வே இருக்கவில்லை. எஞ்சின் எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வரவில்லை என்றால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் எண்ணெயை இழுக்க முடியாமல் போகிறது. நிறுத்தி வைத்தால் எங்காவது ஒரு நூலிழை இடைவெளியால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே வரும். அதனால்தான் இருபது நிமிடத்தில் குறை தானாகத் தீர்ந்ததுபோலத் தெரிகிறது.

மூடி வாங்கும்போது வாகனத்தின் மாதிரியையும் ஆண்டையும் சொல்லி, அதற்குரியதையே கேளுங்கள். வாய் அளவு சரியாக இருப்பது மட்டும் போதாது. எல்லா வாகனத்திலும் மூடியால்தான் காற்று வரும் என்பதும் இல்லை. சிலவற்றில் தனிக் காற்றுக் குழாய் உண்டு, அவற்றுக்கு வால்வில்லாத மூடியே சரியானதாகவும் இருக்கலாம்.

எண்ணெய் அடிக்கும்போது பம்ப் "டக், டக்" என்று அடிக்கடி நின்றுவிடுகிறது. செட் பம்பில் பிழையா, என் வாகனத்தில் பிழையா?

கெப் வைத்திருப்பவர்கள் மிக அதிகமாகச் சண்டை பிடிக்கும் விடயம் இதுதான். பம்ப் அடிப்பவர் வாகனத்தைக் குறை சொல்வார், வாகனக்காரர் பம்பைக் குறை சொல்வார். வாகனத்தின் வாய்க்குள் விடும் குழாய்முனையான நொசில் எப்படித் தானாக நிற்கிறது என்று தெரிந்தால் இந்தச் சண்டை பாதியில் முடிந்துவிடும்.

நொசிலின் நுனியில், உள்விளிம்பை ஒட்டி, ஒரு சிறு துளை இருக்கும். அடுத்த முறை பம்ப் அடிப்பவரிடம் கேட்டு ஒருதரம் பாருங்கள். நொசிலுக்குள் எண்ணெய் வேகமாகப் பாயும்போது அந்தத் துளை வழியாகக் காற்றும் உள்ளே இழுபடுகிறது. எண்ணெய் மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் காற்று வராமல் போகிறது. அந்தக் கணத்தில் உள்ளே உண்டாகும் உறிஞ்சல் ஒரு மெல்லிய சவ்வை இழுக்க, பிடியைப் பிடித்திருந்த கொக்கி விடுபட்டு "டக்" என்று நிற்கிறது. இதில் மின்சாரமும் இல்லை, மின்னணுக் கருவியும் இல்லை. ஆகவே, தாங்கி நிறைந்ததா இல்லையா என்பது நொசிலுக்குத் தெரியாது. தன் நுனிவரை எண்ணெய் வந்துவிட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

தாங்கி அரைவாசி வெறுமையாக இருந்தும் கழுத்துக் குழாயில் எண்ணெய் ஏறி நிற்கிறது என்றால், உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழி கிடைக்கவில்லை என்று பொருள். ஒரு லீற்றர் எண்ணெய் உள்ளே போனால் ஒரு லீற்றர் காற்று வெளியே வந்தாக வேண்டும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், எண்ணெய் அடிக்கும்போது கேட்கும் சத்தங்களில் பெரும்பாலானவற்றின் காரணம் பிடிபட்டுவிடும்.

யாருடைய பிழை என்று அறிய, வெவ்வேறு மூன்று செட்களில் அடித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நின்றால் அந்த நொசில் பழுது. எல்லா இடத்திலும் நின்றால் வாகனத்தில் பாருங்கள். அதற்கு முன்னர், நொசிலைக் கால் வட்டம் திருப்பி, ஒரு அங்குலம் வெளியே இழுத்து, பிடியை அரைவாசி மட்டும் அழுத்தி அடிக்கச் சொல்லுங்கள். டீசல் வேகமாக விழுந்தால் நுரைக்கும், அந்த நுரை துளையை மூடினாலும் பம்ப் நிற்கும். மெதுவாக அடித்தால் பிரச்சினை இல்லை என்றால் அது வெறும் நுரை.

வாகனத்தில் பார்க்க வேண்டியது, பெரிய கழுத்துக் குழாயோடு சேர்ந்து ஓடும் மெல்லிய காற்றுக் குழாய். வயல் வரம்போரம் ஓடும் வாகனங்களில் பின் சில்லு வாரி இறைக்கும் சேறு அங்கே இறுகிப்போகும். நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வாகனத்தில் குளவி மண்ணால் கூடு கட்டி, காற்றுக் குழாயின் திறந்த முனையை அடைத்துவிடும். களுவாஞ்சிகுடியில் ஒருவரின் கெப்பில் இதை நானே கண்டேன். பழைய ரப்பர் குழாயின் உள்தோல் கழன்று மடிந்து, வெளியே பார்க்க நல்லதாகவும் உள்ளே அடைபட்டும் இருப்பதும் உண்டு.

கெப்புக்கே உரிய இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. எண்ணெய் ஊற்றும் வாய் பின்பெட்டியோடு பொருத்தப்பட்டிருக்கிறது. தாங்கியோ சட்டகத்தில் தொங்குகிறது. இரண்டையும் இணைப்பது ஒரு ரப்பர் குழாய் மட்டுமே. பெட்டிக்கும் சட்டகத்துக்கும் இடையில் உள்ள ரப்பர்கள் தேய்ந்திருந்தால், நெல் மூடைகளை ஏற்றியதும் பெட்டி அமர்ந்து அந்தக் குழாய் மடிந்துவிடும். பாரம் இருக்கும்போது மட்டும் பம்ப் நின்று, வெறுமையாக இருக்கும்போது ஒழுங்காக அடிபட்டால், காற்றுக் குழாயைத் தேடி நேரத்தை வீணாக்காமல் அந்த ரப்பர்களைப் பாருங்கள்.

"குளுக் குளுக்" என்று சத்தம் வந்து, கடைசியில் எண்ணெய் வாயால் கக்குகிறது. ஏன்?

மேலே சொன்ன காற்று, தனக்கென்று உள்ள குழாயால் வராமல், எண்ணெய் போகும் அதே பெரிய குழாயால் குமிழியாக எதிரே வருகிறது. போத்தலைக் கவிழ்த்தால் வரும் சத்தம் இதுதான். தாங்கி நிறையும் நேரத்தில் கடைசிக் குமிழி வேகமாக ஏறும்போது எண்ணெயையும் சேர்த்து வெளியே தள்ளும். பல வாகனங்களில் தாங்கியின் வாயில் எண்ணெய் திரும்பி வராமல் தடுக்கும் ஒரு தட்டு வால்வு இருக்கும். அது துருப்பிடித்துத் திறந்தபடி நின்றாலும் கக்கும். கக்கிய டீசலை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். செட் வாசலில் சிந்திய டீசலில் சில்லு வழுக்கி மோட்டார் சைக்கிளோடு விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மணல் போடச் சொல்லி நின்று பார்த்துவிட்டுப் போவது நம் பொறுப்பு.

பம்ப் தானாக நின்ற பிறகு, கணக்கை முழு ரூபாயாக்க இன்னும் கொஞ்சம் அடிக்கலாமா?

வேண்டாம். தாங்கியின் மேற்பகுதியில் விடப்பட்டிருக்கும் வெறும் இடம் எண்ணெய் விரிவதற்கு என்றே விடப்பட்டது. நிலத்தடித் தாங்கியிலிருந்து வரும் எண்ணெய் வெயிலில் பத்துப் பாகை சூடேறினால், 80 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ முக்கால் லீற்றர் விரியும், டீசல் அதைவிடச் சற்றுக் குறைவாக விரியும். இடமில்லை என்றால் அது காற்றுக் குழாயால் வழியும். பெற்றோல் வாகனங்களில் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் பெற்றோல் திரவமாகப் போய்ச் சேர்ந்தால் பெட்டி கெட்டுவிடும், அதன்பின் ஒவ்வொரு முறையும் பம்ப் இடையில் நிற்கும். சில்லறைப் பிரச்சினைக்காக அடிப்பதென்றால், முதலிலேயே ரூபாய்க் கணக்கைச் சொல்லி, தாங்கி கொள்ளும் அளவுக்குக் குறைவாக அடியுங்கள்.

எண்ணெய் அடிக்கும்போது எஞ்சினை ஓடவிடலாமா? உடனே நிறுத்தினால் டர்போ கெட்டுவிடும் என்கிறார்களே?

நிறுத்தத்தான் வேண்டும், பிள்ளைகள் ஏசியில் தூங்கிக்கொண்டிருந்தாலும். மலை ஏறியோ பாரம் இழுத்தோ வந்திருந்தால், செட்டுக்குள் திரும்புவதற்கு முன் வீதியோரத்தில் ஒரு நிமிடம் எஞ்சினை மிதிக்காமல் சும்மா ஓடவிட்டு டர்போவை ஆறவைத்து, அதன் பிறகு உள்ளே போய் நிறுத்துங்கள். நிறுத்திய பின் அடியில் "டிக், டிக்" என்று கேட்பது, சூடான சைலன்சர்க் குழாய் ஆறிச் சுருங்கும் சத்தம். அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை.

தாங்கி நிறைய அடித்த பிறகு, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் "தடக்" என்று இடிக்கிறது. எண்ணெய் குறைந்ததும் சத்தம் போய்விடுகிறது.

தாங்கியைத் தாங்கி நிற்கும் இரும்புப் பட்டி தளர்ந்திருக்கிறது, அல்லது பட்டிக்கும் தாங்கிக்கும் இடையிலுள்ள ரப்பர் போய்விட்டது. டபுள் கெப் தாங்கிகள் பல 75 முதல் 80 லீற்றர் வரை கொள்ளும். ஒரு லீற்றர் டீசல் சுமார் 840 கிராம் என்பதால், நிறைந்த தாங்கிக்குள் ஏறத்தாழ 67 கிலோ டீசல் தொங்குகிறது. ஒரு வளர்ந்த ஆள் வாகனத்தின் அடியில் இரண்டு பட்டிகளில் தொங்கிக்கொண்டு வருவதாக எண்ணிப் பாருங்கள்.

இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் நம் கடற்கரை. காத்தான்குடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை வீதி கடலை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. உப்புக் காற்று அந்தப் பட்டியை வெளியே தெரியாமல், ரப்பர் படிந்திருக்கும் உட்புறத்திலிருந்து தின்னும். மீன் ஏற்றும் வாகனங்களில் ஐஸ் கரைந்து வழியும் உப்புத் தண்ணீர் அதே இடத்தில்தான் சொட்டும். ஒரு பட்டி அறுந்தால் தாங்கி வீதியில் உரசும். மாதம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தாங்கியில் எண்ணெய் குறைவாக இருக்கும் நாளில், பட்டியை ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். துரு செதிலாக உதிர்ந்தால் மாற்றிவிடுங்கள்.

எண்ணெய் நிறைந்திருந்தாலும் குறைந்திருந்தாலும் ஒரே மாதிரி இடித்தால், அது தாங்கி அல்ல. வில்தட்டுகள் சட்டகத்தோடு பொருந்தும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ்களைப் பாருங்கள்.

பிரேக் பிடித்தால் பின்னால் தண்ணீர் அலைமோதுவதுபோலக் கேட்கிறது.

அரைத் தாங்கியில் எண்ணெய் அலைமோதுவது இயல்பு. நிறைய அடித்ததும் அது கேட்காமல் போகும். அலையோடு சேர்ந்து தகரம் தட்டுவதுபோலவும் கேட்டால், அலையை அடக்கத் தாங்கிக்குள் வைத்திருக்கும் தடுப்புத் தகடு கழன்றிருக்கலாம்.

புது செட் ஒன்றில் டீசல் அடித்தேன். அதிலிருந்து எஞ்சின் பலமாகத் தட்டுகிறது. கலப்படமா?

இருக்கலாம், ஆனால் குற்றம் சொல்வதற்கு முன் மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: மண்ணெண்ணெய், தண்ணீர், காற்று.

டீசல் எஞ்சினில் எண்ணெய் தெளிக்கப்பட்டதற்கும் அது தீப்பற்றுவதற்கும் இடையில் மிகச் சிறிய தாமதம் உண்டு. எண்ணெயின் தரம் குறைந்தால் தாமதம் கூடும். சேர்ந்துபோன எண்ணெய் ஒரேயடியாகப் பற்றும்போது "டக டக" என்ற தட்டல் பலக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் நடப்பது இதுதான். அதோடு மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழுவழுப்புக் கிடையாது. எண்ணெயையே உராய்வு நீக்கியாகக் கொண்டு ஓடும் உயரழுத்தப் பம்ப் அதனால் தேயும். மண்ணெண்ணெய் மிக மலிவாக இருந்த காலத்தில் கலப்படத்துக்கான ஆசை பெரிதாக இருந்தது. 2022 ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது அந்த இடைவெளி பெருமளவு சுருங்கியது, ஆனால் அதே விலையேற்றம் வெளியிணைப்பு எஞ்சினில் கடலுக்குப் போகும் நம் மீனவர்களை எவ்வளவு வருத்தியது என்பதையும் மறக்க முடியாது. கலப்படத்தைக் கண்ணாலோ மூக்காலோ உறுதிசெய்ய முடியாது. மணந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

தண்ணீரைக் கண்ணால் காணலாம். தண்ணீர் டீசலை விடக் கனமானது. அடியில் போய் நிற்கும். பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வேறு நிறத்தில் ஒரு படை தெரிந்தால் அது தண்ணீர். பல வாகனங்களில் தண்ணீர் சேர்ந்ததும் டாஷ்போர்டில் விளக்கு எரியும். அது எரிந்தபின் வீடுவரை போய்ப் பார்ப்போம் என்று ஓட்டாதீர்கள். கொமன் ரெயில் இன்ஜெக்டரின் உள்ளிடைவெளிகள் தலைமுடியை விடப் பல மடங்கு நுண்ணியவை, அங்கே தண்ணீர் போனால் துருவும் உராய்வும் சேர்ந்து இன்ஜெக்டரை அழித்துவிடும். எஞ்சினை நிறுத்தி, திருகைத் தளர்த்தி, பில்டர் தலையில் உள்ள கைப்பம்பை அழுத்தித் தெளிந்த டீசல் வரும்வரை வடித்துவிட்டு, இறுக்கிய பிறகே புறப்படுங்கள்.

நம் பகுதியில் தண்ணீர்ப் பிரச்சினை மாரியோடு வருகிறது. 2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்தபோது தாழ்ந்த இடங்களில் வீதியும் வயலும் ஒன்றாகக் கிடந்தன. அப்படிப்பட்ட நாள்களுக்குப் பிறகு செட்டில் எண்ணெய் அடிக்குமுன், நிலத்தடித் தாங்கியில் தண்ணீர் சோதித்தார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். அளவுகோலில் ஒரு பசையைப் பூசித் தாங்கிக்குள் இறக்குவார்கள், தண்ணீர் பட்ட இடத்தில் பசை நிறம் மாறும். கேட்பதால் கோபிக்கும் செட்டை விடக் காட்டித் தரும் செட்டையே நான் தேடிப் போகிறேன். எண்ணெய் கொண்டுவரும் பவுசர் லொறி செட்டின் தாங்கிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்போது அடிப்பதையும் தவிர்க்கலாம், அடியில் படிந்த கசடு அப்போது கலங்கும். அதேவேளை, வெள்ளத்துக்குள் நீங்களே வாகனத்தை இறக்கியிருந்தால், தண்ணீர் உங்கள் காற்றுக் குழாயாலும் மூடி ரப்பராலும் புகுந்திருக்கலாம் என்பதை நேர்மையாக எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, காற்று. பில்டரை மாற்றியபின் சரியாக இறுக்காததால் காற்று புகுந்து தட்டல் வந்த வாகனங்கள் பல. அந்த வாரம் எண்ணெய் அடித்த செட் வீணாகப் பழி சுமக்கும்.

டீசல் கெப்புக்குப் பெற்றோல் அடித்துவிட்டார்கள். என்ன செய்வது?

சாவியைத் திருப்பவே வேண்டாம். சில வாகனங்களில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியைத் திருப்பினாலே மின்பம்ப் ஓடி, பெற்றோலை எஞ்சின் வரை கொண்டுபோய்விடும். கியரை நியூட்ரலில் போட்டுத் தள்ளி ஓரமாக நிறுத்துங்கள். தாங்கியை முழுமையாக வடித்து, பில்டரை மாற்றி, புது டீசல் அடித்து, குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

"ஐந்து லீற்றர்தானே, மேலே டீசலை நிறைய அடித்தால் சரியாகிவிடும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பழைய இயந்திரப் பம்ப் எஞ்சின்களோடு வளர்ந்தவர்களின் அனுபவம் அது. அவற்றில் சிறு அளவு கலந்து தப்பியவர்கள் உண்டு. கொமன் ரெயில் எஞ்சினில் அந்த அறிவுரையை ஏற்காதீர்கள். பெற்றோல் டீசலின் வழுவழுப்பைக் கழுவிவிடும், பம்ப் தன்னைத்தானே அரைத்து, அந்த இரும்புத் துகளை இன்ஜெக்டர்களுக்கும் அனுப்பும். தாங்கி வடிப்பதற்கு ஆகும் செலவு ஒரு பம்பின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

இந்தப் பிழை ஏன் கெப்புக்கு அடிக்கடி நடக்கிறது என்றால், பெற்றோல் நொசில் பொதுவாக டீசல் நொசிலை விட ஒடுக்கமானது. டீசல் வாகனத்தின் வாய்க்குள் தடையின்றிப் போய்விடும். எதிர்மாறான பிழை அவ்வளவு எளிதில் நடக்காது. மூடியின் உட்புறத்தில் "டீசல்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். அம்பாறை மாவட்டத்தில் இரண்டு மொழியும் தேவைப்படும். வாகனத்திலிருந்து இறங்கி நின்று, எந்தப் பம்பிலிருந்து நொசிலை எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

எண்ணெய் முழுவதும் தீர்ந்து நின்ற பிறகு, டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

குழாய்களில் காற்று நிறைந்திருக்கிறது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வரிசையில் நாள்கணக்கில் தள்ளிக்கொண்டு நின்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கைப்பம்பை அது கல்லுப்போல இறுகும்வரை அழுத்துங்கள். பின்னர் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுழற்றாமல், இடையில் ஆறவிட்டு முயலுங்கள். மற்றப்படி, தாங்கியைக் கால்வாசிக்குக் கீழே இறங்கவிடாத பழக்கம் நல்லது. பெற்றோல் வாகனங்களில் தாங்கிக்குள் இருக்கும் பம்பை ஆற்றுவதே பெற்றோல்தான். எண்ணெய் குறையும்போது பின்னிருக்கையின் அடியில் எழும் ரீங்காரம் அந்தப் பம்பின் முறைப்பாடு.

பெற்றோல் கெப், எண்ணெய் அடித்தவுடன் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. மற்ற நேரங்களில் நல்லது.

கரிப் பெட்டியிலிருந்து ஆவியை எஞ்சினுக்கு விடும் வால்வு மூடாமல் திறந்தே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கும்போது கிளம்பும் ஆவி எல்லாம் எஞ்சினுக்குள் போய் மூச்சுத் திணறவைக்கும். சிறிய உதிரிப்பாகம், மாற்றுவதும் எளிது.

அதிகாலையில் அடித்தால் கூடுதல் எண்ணெய் கிடைக்குமா?

கிடைக்காது. நிலத்துக்கு அடியில் உள்ள தாங்கியின் வெப்பம் காலைக்கும் மாலைக்கும் இடையில் பெரிதாக மாறுவதில்லை. வரிசை குறைவு என்பதற்காக வேண்டுமானால் காலையில் போங்கள்.

தண்ணீர் இறைக்கும் மோட்டருக்காகக் கேனில் பெற்றோல் வாங்குகிறேன். கேனைப் பின்பெட்டியில் வைத்தபடியே அடிக்கலாமா?

கூடாது. எங்கள் கெப்களில் பாதிக்கு மேல் பின்பெட்டியில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறோம். பெற்றோல் குழாயால் பாயும்போது நிலைமின் உண்டாகிறது. கேன் நிலத்தில் இருந்தால் அது மண்ணுக்கு இறங்கிவிடும். பிளாஸ்டிக்கின் மேல் இருந்தால் போக வழியின்றிச் சேர்ந்து, நொசிலுக்கும் கேனுக்கும் இடையில் பொறியாகப் பாயக்கூடும். அங்கே பெற்றோல் ஆவி இருக்கிறது. கேனை இறக்கி நிலத்தில் வைத்து, நொசிலின் இரும்பு கேனின் வாயைத் தொட்டபடி, மெதுவாக அடியுங்கள். தூக்கி ஏற்றும் சிரமத்தைப் பாராதீர்கள். இந்தக் கேள்விகள் எல்லாவற்றிலும் உயிர்போகக்கூடிய கேள்வி இது ஒன்றுதான்.

பம்பின் குழாய் உதறுகிறது, மீற்றர் ஓடுகிறது, எண்ணெய் விட்டு விட்டு வருகிறது. எங்கே முறையிடுவது?

குழாய் உதறுவது, செட்டின் பம்ப் எண்ணெயோடு காற்றையும் இழுக்கிறது என்பதன் அடையாளம். நிலத்தடித் தாங்கியில் எண்ணெய் அடிமட்டத்துக்கு வந்திருக்கலாம். உடனே நிறுத்தச் சொல்லி, மீற்றர் காட்டிய அளவையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செட் பொறுப்பாளரிடம் பேசுங்கள், பெரும்பாலானவர்கள் அளவைப் பாத்திரத்தில் அடித்துக் காட்டச் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பம்பின் அளவு சரிதானா என்று பரிசோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. முறையிடும்போது செட்டின் பெயரோடு பம்பின் இலக்கத்தையும், நாளையும், நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். ஒரே செட்டில் நான்கு பம்புகள் இருக்கும்போது எது என்று சொல்லாத முறைப்பாட்டை வைத்து எந்த அதிகாரியாலும் எதையும் சோதிக்க முடியாது.